ஒரே பருவத்தில் விஆர் உலகம் கட்டக் கற்பிக்க: 6 ஹெட்செட், 36 மாணவர்கள்

பொருநைக்கரை:

வணக்கம். வரும் பருவத்தில் மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவர்களுக்கு மெய்நிகர் (விஆர்) உலகம் கட்டும் பாடத்தை விருப்பப்பாடமாகத் தொடங்குகிறோம். வாரம் 2 மணி நேரம் வகுப்பு, 4 மணி நேரம் ஆய்வகம், மொத்தம் 15 வாரம். 36 பேர். சி ஷார்ப் எல்லாருக்கும் ஓரளவு தெரியும். முப்பரிமாண வடிவங்களை வடிக்கும் பிளெண்டர் மென்பொருளை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. இருப்பு: 6 குவெஸ்ட் 3எஸ் ஹெட்செட் (தலையில் மாட்டும் விஆர் கருவி), 18 கணினிகள். கணினிகளில் 6-ல் மட்டும் தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்டு. அறை 9 மீட்டருக்கு 6 மீட்டர்.

இறுதிச் செயல்திட்டம் நம்ம திருநெல்வேலிப் பக்கத்து இடம் ஒன்றாக இருக்கவேண்டும் என்று துறையில் விரும்புகிறார்கள். சுலோச்சனா முதலியார் பாலம், குறுக்குத்துறை, தொல்லியல் இடமான ஆதிச்சநல்லூர் என்று பேச்சு ஓடுகிறது. எந்த எஞ்சின் (உலகத்தைக் கட்டி ஓட்டும் மென்பொருள்), எதற்குப் பின் எதைச் சொல்லித்தருவது, 6 ஹெட்செட்டை 36 பேருக்கு எப்படிப் பங்கிடுவது, எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது? விவரமாகச் சொன்னால் பாடத்திட்டத்தை அதற்கேற்ப எழுதிவிடுவேன்.

கல்தூண்:

சார், இந்தப் பாடம் தேறுவதும் தேறாததும் வரிசையில்தான் இருக்கிறது. பல இடங்களில் முதல் ஐந்து வாரம் வரலாறு, ஒளியியல், அணிகள் என்று போய்விடுகிறது. பிறகு எஞ்சின். ஹெட்செட் பத்தாவது வாரம்தான் பெட்டியைவிட்டு வெளியே வருகிறது. அதற்குள் மாணவர்கள் திரையைப் பார்த்தே ஒரு பெரிய உலகத்தைக் கட்டி முடித்திருப்பார்கள். தலையில் மாட்டிப் பார்த்தால் கதவு மூன்று மீட்டர் உயரம், எழுத்து படிக்க முடியவில்லை, ஃபிரேம் (நொடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை) 30-க்கு இறங்கிக் கிடக்கிறது. திருத்த நேரம் இருக்காது.

முதல் வார ஆய்வகத்திலேயே ஒவ்வொரு குழுவும் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு) ஒன்றை உருவாக்கி ஹெட்செட்டில் ஏற்றிப் பார்த்தாக வேண்டும். அதில் ஒரு தரை, 1 மீட்டர் கனசதுரம், 2.1 மீட்டருக்கு 0.9 மீட்டர் கதவுச் சட்டம், 15 செ.மீ. உயரப் படி ஒன்று. இவ்வளவு போதும். மாட்டிக்கொண்டு கதவின் பக்கத்தில் நிற்கட்டும், படி அருகே குனியட்டும். தரை காலுக்குக் கீழே அமிழ்ந்தோ மேலே மிதந்தோ தெரிந்தால் டிராக்கிங் ஆரிஜின் (உயரத்தை எங்கிருந்து அளப்பது என்ற அமைப்பு) 'தரை' என்று இல்லாமல் 'சாதனம்' என்று இருக்கும், அல்லது ஹெட்செட்டிலேயே தரை மட்டம் தப்பாகப் பதிந்திருக்கும். அளவுணர்வு இப்படித்தான் உடம்பில் ஏறும்.

அடுத்து: 2-ம் வாரம் எல்லை போடுதல், டெவலப்பர் மோட், ஏடிபி (கணினியிலிருந்து ஹெட்செட்டில் செயலியை ஏற்றும் கருவி) ஆகியவற்றை மாணவர்களே அமைத்தல்; முதல் வாரத்துக்கு இவற்றை நீங்களே முன்கூட்டி அமைத்துவிடுங்கள். 3, 4: நகர்தல், பொருளைப் பற்றுதல். 5, 6: பிளெண்டர், அளவு மாறாமல் இறக்குமதி. 7: ஒளியைச் சுட்டுப் பதிதல் (ஒளியையும் நிழலையும் முன்பே கணக்கிட்டுப் பரப்பில் பதிப்பது). 8: ஒலி, எழுத்து. 9: அளவீடு மட்டும், புதிதாக எதுவும் வேண்டாம். 10 முதல் 14 வரை செயல்திட்டம், வாரம் ஒரு பில்ட் (ஹெட்செட்டில் ஓடும் பதிப்பு) கட்டாயம். 15: தேர்வு. கோட்பாட்டை அந்தந்த வாரத் தேவையோடு கட்டுங்கள். தலை திரும்பியதற்கும் படம் மாறுவதற்கும் இடையிலான தாமதம் 20 மில்லி நொடிக்குள் ஏன் இருக்கவேண்டும் என்பதை 9-ம் வாரம் சொன்னால் மண்டையில் நிற்கும். முதல் வாரம் சொன்னால் தேர்வுக்கு மட்டும் நிற்கும்.

செயல்திட்டத்துக்கு ஒரு வேலி: 20 மீட்டருக்கு 20 மீட்டர் நடமாடும் இடம், மூன்றே மூன்று ஊடாட்டங்கள், ஐந்து நிமிட அனுபவம். இதைத் தளர்த்தாதீர்கள். பாலம் முழுவதையும் கட்டுகிறேன் என்று கிளம்பும் குழு பாதிப் பாலத்தோடு வந்து நிற்கும்.

பங்கீடு: மூன்று பேர் ஒரு குழு, 12 குழு. 18 பேராக இரண்டு அணி, இரண்டு வேறு நாள்கள், ஒவ்வொன்றுக்கும் முழு 4 மணி நேரம். உங்கள் சுமை வாரம் 8 மணி நேர ஆய்வகம் ஆகும். அதைத் துறையில் பேசி வாங்கித்தான் ஆகவேண்டும். அப்போது குழுவுக்கு ஒரு ஹெட்செட், மூன்று கணினி, அதில் ஒன்று கிராஃபிக்ஸ் கார்டு உள்ளது. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. மூவரில் ஒருவர் மாட்டுவார், ஒருவர் பக்கத்தில் நின்று காப்பார், ஒருவர் குறிப்பெடுப்பார். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறவேண்டும். இல்லாவிட்டால் ஒரே பையன் பருவம் முழுக்க மாட்டியிருப்பான்.

எஞ்சினைப் பொறுத்தவரை என் சாய்வு யூனிட்டி 6. பாடப்பொருளும் விடைகளும் அதற்குத்தான் அதிகம். நிறுவும்போதே ஆண்ட்ராய்டு பில்ட் சப்போர்ட், அதனுள் ஜேடிகே, எஸ்டிகே, என்டிகே மூன்றையும் டிக் செய்யச் சொல்லுங்கள். விட்டுப்போனால் இரண்டாம் வாரம் முழுக்க அதிலேயே போகும்.

பனங்காடு:

எஞ்சினில் மட்டும் கல்தூண் சாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 18 கணினியில் 12-ல் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அந்த 12-ல் யூனிட்டி முதல் ஆண்ட்ராய்டு பில்டை ஐஎல்2சிபிபி (சி ஷார்ப்பை சி++ ஆக மாற்றித் தொகுக்கும் முறை) வழியாகப் போட்டால் கால் மணி நேரம் சாதாரணமாகப் போகும். 8 ஜிபி ரேம் என்றால் இன்னும் மோசம். கோடோ 4 என்ற இன்னோர் எஞ்சினின் எடிட்டர் சிறிய பதிவிறக்கம், பழைய கணினியிலும் ஓடும், உரிமம் பற்றிய கவலை இல்லை. விஆர் சாதனங்களோடு பேசும் பொதுத் தரமான ஓபன்எக்ஸ்ஆர் உள்ளேயே இருக்கிறது. குவெஸ்ட்டுக்கு ஏற்றுமதி செய்ய ஓபன்எக்ஸ்ஆர் வெண்டர்ஸ் என்ற செருகுநிரல், ஜேடிகே 17, ஆண்ட்ராய்டு எஸ்டிகே ஆகியவை வேண்டும். ரெண்டரரை (படத்தை வரையும் பகுதியை) 'கம்பாட்டிபிலிட்டி' என்று வையுங்கள். ஃபார்வர்டு பிளஸ் என்பது மேசைக் கணினிக்கானது. புதிதாகத் திட்டம் திறக்கும்போது அதுதான் முன்தேர்வாக நிற்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள், குவெஸ்ட்டில் திணறும்.

நகர்தல், பற்றுதல் ஆகியவற்றுக்கு எக்ஸ்ஆர் டூல்ஸ் என்ற தொகுப்பு தயாராக உண்டு. சி ஷார்ப் தெரிந்தவர்களுக்கு கோடோவின் ஜிடிஸ்கிரிப்ட் மொழி ஒரு வாரத்தில் பிடிபடும். குறை என்னவென்றால், ஒளி சுடுவது யூனிட்டி அளவுக்குக் கட்டுப்பாடு தராது, தயார்நிலைப் பொருள்கள் கிடைக்கும் கடையும் சிறியது. வேலைவாய்ப்பு நேர்காணலில் யூனிட்டியைத்தான் கேட்கிறார்கள் என்பதும் உண்மை, அதை மறைக்கமாட்டேன்.

இரண்டும் வேண்டாம் என்றால் வெப்எக்ஸ்ஆர், அதாவது உலாவியிலேயே ஓடும் விஆர். அதற்கான ஏ-ஃபிரேம் நூலகத்தில் இருபது வரி எழுதினால் குவெஸ்ட் உலாவியில் உலகம் திறக்கும். பில்ட் கிடையாது, கேபிள் கிடையாது. ஆனால் பக்கம் எச்டிடிபிஎஸ் வழியே வரவேண்டும், வெறும் எச்டிடிபி என்றால் விஆர் பொத்தானே வராது. கல்லூரி உள்வலையில் வைக்கும்போது எல்லாரும் தடுக்கி விழும் இடம் அது. 1-ம் வாரத்துக்கு வெப்எக்ஸ்ஆர், 2-ம் வாரம் முதல் ஒரே எஞ்சின் என்றுகூட வைக்கலாம். குழுவுக்கு ஒரு எஞ்சின் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் வழியே அடைபட்டுப் போகும்.

மேலப்பாளையம்_மெஷ்:

எஞ்சின் சண்டைக்கு நடுவில் ஒன்று விட்டுப்போகிறது: தமிழ் எழுத்து. நம் ஊர் இடத்தைக் கட்டிவிட்டு விளக்கப் பலகையை ஆங்கிலத்தில் வைப்பது சரியாக இராது.

யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ தமிழை உடைக்கும். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. எழுத்தைக் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது எழுத்துரு வடிவமைப்பு எஞ்சினின் வேலை. டெக்ஸ்ட்மெஷ் புரோ அந்த வேலையைச் செய்வதில்லை. அதனால் 'கொற்கை' என்று போட்டால் கொம்பும் காலும் ஐகாரக் குறியும் இடம் மாறி நிற்கும். மாணவர்கள் எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு எழுத்துருவாக மாற்றிப் பார்ப்பார்கள். எதை மாற்றினாலும் அப்படித்தான் வரும்.

கோடோ 4-ல் அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் அதன் எழுத்துப் பலகையான லேபிள்3டி-யில் தமிழ் சரியாக வரும். பனங்காடு சொல்லாமல் விட்ட பெரிய சாதகம் இது. யூனிட்டிதான் என்றால் மூன்று வழி. மாறாத எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, ஒளிபுகு பின்னணியோடு 2048 பிக்சல் அகலப் படமாக்கி, பலகையில் ஒட்டுவது முதல் வழி. மிப்மேப் (தொலைவுக்கேற்ற சிறு படிகள்) போடுங்கள், அனைசோட்ரோபிக் (சாய்வுப் பார்வையைத் தெளிவாக்கும் அமைப்பு) 4 வையுங்கள். இல்லாவிட்டால் சாய்வாகப் பார்க்கும்போது எழுத்து மினுங்கும். இரண்டாவது, யூனிகோடைப் பாமினி என்ற பழைய தமிழ்க் குறியீட்டுக்கு மாற்றிப் பாமினி எழுத்துருவில் காட்டுவது. அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படுவதால் இடம் மாறாது. ஆனால் ஆங்கில எழுத்தின் குறியீட்டு இடங்களைத்தான் பாமினி பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே வரியில் ஆங்கிலம் கலந்தால் எழுத்துருவை மாற்றி மாற்றிப் போடவேண்டும். மூன்றாவது, ஓடும்போது மாறும் எழுத்துக்கு ஆண்ட்ராய்டின் சொந்த வரைதளத்தில் எழுத்தை வரைந்து பிட்மேப்பாக எடுத்து டெக்ஸ்சராக (பரப்பில் ஒட்டும் படமாக) ஏற்றுவது. வேலை கூடுதல். எழுத்து மாறும்போது மட்டும் வரையவேண்டும், ஒவ்வொரு ஃபிரேமிலும் வரைந்தால் ஓட்டம் விழுந்துவிடும்.

அளவு: குவெஸ்ட் 3எஸ்-ல் ஒரு பாகைக்குச் சுமார் 20 பிக்சல் கிடைக்கிறது. ஆங்கில எழுத்து ஒரு பாகை உயரத்தில் படிக்கக் கிடைக்கும். ணகரச் சுழிகளும் இகரக் கொக்கியும் அந்த அளவில் அடைத்துக்கொள்ளும். ஒன்றரைப் பாகை வையுங்கள். அதாவது 2 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் பலகையில் எழுத்து உயரம் 5 செ.மீ.-க்குக் குறையக் கூடாது. தடித்த வகை எழுத்துரு, கறுப்புக்குப் பதில் கரும்பழுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து. பலகைக்கு நாற்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். மீதியைக் குரலில் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:

தமிழ் எழுத்துப் பிரச்சினை எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. எஞ்சினைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். அறை, சாதனப் பராமரிப்பு பற்றி யாராவது சொல்லுங்களேன். எங்கள் அறையில் ஏசி ஒன்று, மின்விசிறி நான்கு. கிழக்குச் சன்னல் பெரிது.

ஸ்பேனர்_நெல்லை:

அண்ணாச்சி, அந்தக் கிழக்குச் சன்னலுக்குத்தான் முதல்ல திரை போடணும். ஹெட்செட் லென்ஸ்ல நேர் வெயில் பட்டா லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி குவிச்சு உள்ளே இருக்குற திரையைக் கருக்கிரும். கொஞ்ச நேரம் பட்டாலே போதும், மஞ்சப் புள்ளி விழுந்தா போகவே போகாது. லென்ஸ் மேல பாக்க மேசையில வைக்கவே கூடாதுன்னு விதி போடுங்க. வெளியில வராண்டாவுல வச்சு ஓட்டுறதும் வேண்டாம். வெயில்ல டிராக்கிங்கும் தடுமாறும்.

9-க்கு 6 அறையில ஆறு பேர் நின்னு ஆட முடியாது. ஒருத்தருக்கு 2-க்கு 2 மீட்டர் எல்லை, சுத்தி அரை மீட்டர் விளிம்பு, ஆக 3-க்கு 3. கணினி மேசைகளை நீளச் சுவர் ரெண்டுலயும் ஒட்டிப் போட்டா நடுவுல 9-க்கு மூணரை மீட்டர் மிஞ்சும். அதுல மூணு நிக்குற இடம் வரும். மத்த மூணு குழுவும் உக்காந்து சோதிக்கட்டும், சக்கரம் இல்லாத நாற்காலியில. தரையில வண்ண டேப் ஒட்டிருங்க.

மின்விசிறி இறக்கை தரையிலருந்து எவ்வளவு உயரம்னு அளந்து பாத்துக்கிடுங்க. 175 செ.மீ. ஆள் கையைத் தூக்கினா 220 தாண்டும், கன்ட்ரோலரோட இன்னும் கூடும். நிக்குற மூணு இடத்துக்கும் மேல இருக்குற விசிறியை ஆய்வக நேரத்துல நிறுத்தி வைக்கணும். மணிக்கட்டு வார் போடாம கன்ட்ரோலரைக் கையில குடுக்காதீங்க.

வெறும் வெள்ளைச் சுவர், கண்ணாடிக் கதவு, பளபளக்குற கிரானைட் தரை, மூணும் டிராக்கிங்குக்கு ஆகாது. கேமரா பிடிச்சுக்க அடையாளம் வேணும். சுவர்ல நாலு சுவரொட்டி ஒட்டுனாலே சரியாகும். ஹெட்செட் அமைப்புல டிராக்கிங் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்னு வைங்க, நம்ம மின்சாரம் அதுதான். 60-ல கிடந்தா குழல்விளக்கு மினுக்கத்துல கை நடுங்குற மாதிரி தெரியும்.

சுத்தம்: முகத்துப் பட்டைக்கு சிலிகோன் உறை போடுங்க. ஒவ்வொரு ஆளுக்கு அப்புறமும் ஆல்கஹால் இல்லாத துடைப்பான்ல உறையைத் துடைக்கணும். லென்ஸ்ல எந்தத் திரவமும் படக்கூடாது. திருநீறு, குங்குமம் வச்சுட்டு வர்ற பிள்ளைங்க நிறைய. அந்தப் பொடி லென்ஸ்ல விழுந்ததும் துணியால தேச்சா கீறல்தான். முதல்ல ரப்பர் பந்து ஊதுகுழலால ஊதி எடுத்துட்டு, அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால நடுவுலருந்து வெளிப்பக்கம் வட்டமாத் துடைக்கணும். மாட்டுறதுக்கு முன்ன நெத்தியை டிஷ்யூவால ஒத்திக்கச் சொன்னா பாதிப் பிரச்சினை தீர்ந்துது. மூக்குக்கண்ணாடி போட்டவங்க ஹெட்செட்டை முன்னாலருந்து மாட்டிட்டு வாரைப் பின்னால இறக்கணும். கண்ணாடி ஹெட்செட் லென்ஸைத் தொட்டா ரெண்டும் கீறும். கண் இடைவெளிக்கு 3எஸ்-ல 58, 63, 68 மி.மீ.ன்னு மூணு நிலை. யாருக்கு எந்த நிலைன்னு முதல் வாரமே அளந்து வருகைப் பதிவேட்டுல எழுதி வச்சிருங்க.

ஏடிபி-யில 'அன்ஆத்தரைஸ்டு'ன்னு வந்தா கேபிள் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. யுஎஸ்பி டீபக்கிங்குக்கு அனுமதி கேக்குற கட்டம் ஹெட்செட் உள்ள தெரிஞ்சுட்டு இருக்கும், மாட்டிப் பாத்தாத்தான் அமுக்க முடியும். சாதனமே தெரியலைன்னா சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிளா இருக்கும். இன்னொண்ணு, எல்லாக் குழுவும் ஒரே மாதிரித் திட்டத்தை நகலெடுத்து ஆரம்பிச்சா பேக்கேஜ் பெயர் ஒண்ணாவே இருக்கும். ஒரு குழு ஏத்துனா இன்னொரு குழுவோடது அழிஞ்சிரும், இல்லைன்னா கையொப்பம் ஒத்துவரலைன்னு நின்னுரும். குழு எண்ணைச் சேத்துப் பேரை முதல் நாளே மாத்தச் சொல்லுங்க.

கல்தூண்:

ஸ்பேனர் சொன்னதை அப்படியே அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம்.

எஞ்சின் எதுவாக இருந்தாலும் 9-ம் வார அளவீட்டைக் குறைக்காதீர்கள், அதற்காக விரிவாகவே எழுதுகிறேன். 72 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 13.9 மில்லி நொடி. 90 என்றால் 11.1. மாணவர் செயல்திட்டத்துக்கு 72 போதும். ஆனால் அது நிலையாக நிற்கவேண்டும்.

சுலோச்சனா முதலியார் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1843-ல் திறந்த பாலம், 11 வளைவு. மாணவர் பதினொன்றையும் தனித்தனியாக வடித்தால் நினைவகமும் போகும், நேரமும் போகும். ஒரு வளைவை 4,000 முக்கோணங்களுக்குள் (முப்பரிமாண வடிவங்கள் முக்கோணங்களால்தான் ஆனவை) வடித்து, ஒரே மெட்டீரியலில் (பரப்பின் தோற்ற அமைப்பில்) 11 முறை வைக்கவேண்டும். கல் அடுக்குக்கு ஒரே 2048 டெக்ஸ்சரில் கல், சுண்ணாம்புப் பூச்சு, கைப்பிடிச் சுவர் எல்லாவற்றையும் பட்டை பட்டையாக அடுக்கிவிடலாம். நடமாடும் இடம் ஒரு வளைவின் அடியும் அதன் மேல்தளமும்தான். மீதிப் பத்தும் கண்ணுக்கு மட்டும். காட்சி முழுவதும் 3 லட்சம் முக்கோணம், 120 டிரா கால் (ஜிபியுவை வரையச் சொல்லும் கட்டளை) என்ற வரம்பை வைத்துக்கொண்டால் மூச்சுவிட இடம் இருக்கும்.

ஆற்று நீர்தான் பொறி. ஒளிபுகும் நீர்ப்பரப்பு, அதில் பாலத்தின் நேரடிப் பிரதிபலிப்பு என்று இணையப் பாடத்தைப் பார்த்துப் போடுவார்கள். நேரடிப் பிரதிபலிப்பு காட்சியை இன்னொரு முறை வரையச் செய்யும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் செலவு இரட்டிப்பு. கையடக்கச் சிப்பின் ஜிபியு படத்தைச் சிறு ஓடுகளாகப் பிரித்து உள்ளேயே முடிக்கும் வகை. ஒளிபுகும் பரப்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே பிக்சலைத் திரும்பத் திரும்பத் தீட்டவேண்டி வருகிறது. ஒளிபுகாத பரப்பு, நகரும் இரண்டு நார்மல் மேப் (மேடுபள்ளம் போலக் காட்டும் படம்), முன்பே எடுத்த கியூப்மேப் (சுற்றுப்புறப் படம்) பிரதிபலிப்பு, இவ்வளவே போதும். தாமிரபரணி அங்கே கண்ணாடி போலத் தெளிந்து ஓடுவதும் இல்லை.

பனை, நாணல் ஆகியவற்றின் ஓலைக்கும் இதே கவனம் வேண்டும். 25 மீட்டருக்கு அப்பால் உள்ள மரங்களைத் தட்டைப் படமாக வைக்கலாம். அருகில் வைத்தால் இரு கண்ணுக்கும் ஆழம் தெரியும், அட்டை என்று உடனே பிடிபடும்.

யூனிட்டி என்றால் அமைப்புகள்: யுஆர்பி, லீனியர் நிறவெளி, வல்கன், ஏஆர்எம்64, டெக்ஸ்சருக்கு ஏஎஸ்டிசி, மல்டிவியூ, எம்எஸ்ஏஏ 4. எச்டிஆர், போஸ்ட் பிராசஸிங், உடனடி நிழல், டெப்த் டெக்ஸ்சர், ஒபேக் டெக்ஸ்சர் எல்லாம் அணைக்கப்பட்டிருக்கவேண்டும். ப்ளூம் என்ற ஒளிச்சிதறல் விளைவு ஒன்றைப் போட்டாலே முழுப் படமும் ஓடுகளைவிட்டு வெளி நினைவகத்துக்குப் போய்த் திரும்பும். ஏதாவது ஒரு பொருள் இடக்கண்ணில் மட்டும் தெரிந்தால், கையால் எழுதிய ஷேடரில் ஸ்டீரியோ மேக்ரோக்கள் இல்லை என்று பொருள். ஷேடர் கிராஃபில் செய்தால் அந்தத் தொல்லை வராது.

எடிட்டரில் காட்டும் எண்ணை நம்பவேண்டாம். ஃபிரேமை அளக்கும் ஓவிஆர் மெட்ரிக்ஸ் கருவியை ஹெட்செட்டில் நிறுவி, அதில் பாருங்கள். ஃபிரேம் விழுந்தால் ரெண்டர் ஸ்கேலை (வரையும் படத்தின் அளவை) 0.5 ஆக்கிப் பாருங்கள். ஏறினால் சுமை ஜிபியுவில், ஏறாவிட்டால் சிபியுவில். டிரா கால், இயற்பியல், ஸ்கிரிப்ட் பக்கம் போய்த் தேடவேண்டும். சோதனை 20 நிமிடம் தொடர்ந்து ஓடவேண்டும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் சிப் சூடேறினால் சாதனம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் 72 காட்டியது இருபதாவது நிமிடம் 55 காட்டும்.

ஒளி சுடுவதை இரவில் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை தேதியைப் பார்த்துப் போடுங்கள். யுபிஎஸ் அத்தனை நேரம் தாங்காது.

பொருநைக்கரை:

சிலை, தூண் போன்றவற்றைப் படமெடுத்து முப்பரிமாணமாக்கும் முறையைச் சேர்க்கலாமா? மாணவர்களுக்கு அதில் ஆர்வம் இருக்கும்.

நத்தமேடு:

சேர்க்கலாம், ஒரே ஒரு பொருளுக்கு. முதலில் அனுமதி. சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. எனவே நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைக் கைபேசியில் எடுத்து வருகிறேன் என்று மாணவர்களை அனுப்பாதீர்கள். தொல்லியல் துறைக் காப்பிலுள்ள இடங்களில் முக்காலி வைக்கவே தனி அனுமதி வேண்டும். கடிதம் துறைத்தலைவர் பெயரில் பருவத் தொடக்கத்திலேயே போகட்டும். கிடைக்காவிட்டால் கல்லூரி வளாகத்தில் உள்ள கல் பெஞ்சு, ஆட்டுக்கல், பத்தமடைப் பாயின் நெசவு என்று எடுத்தாலும் பாடம் அதேதான்.

எடுக்கும் முறை: வெயில் ஏறும் முன், அல்லது மேகமூட்டமான நாளில். உச்சி வெயில் நிழல் அப்படியே டெக்ஸ்சரில் பதிந்துவிடும், பிறகு எந்த ஒளி போட்டாலும் பொருந்தாது. எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெண் சமநிலை மூன்றையும் பூட்டிவிடுங்கள். பொருளைச் சுற்றி மூன்று உயரத்தில் மூன்று வட்டம், அடுத்தடுத்த படங்களுக்கு இடையே 70 சதவீதம் ஒன்றுடன் ஒன்று மேவவேண்டும். ஓர் ஆள் உயரத் தூணுக்கு 150 படம் வரை ஆகும். நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பி எடுப்பது வீண். ஒவ்வொரு படத்துக்கும் நகரவேண்டும். பக்கத்தில் 1 மீட்டர் கோல் ஒன்று கிடக்கட்டும், அளவு அதிலிருந்துதான் வரும்.

சொரசொரப்பான கருங்கல் நன்றாக வரும். எண்ணெய் ஏறிப் பளபளக்கும் சிலை வராது. பார்வை மாறும்போது மினுக்கமும் இடம் மாறுவதால் மென்பொருள் பொருத்தப் புள்ளி கிடைக்காமல் ஓட்டை விடும். நீர், கண்ணாடி, ஆடும் இலை ஆகியவற்றுக்கும் இதே கதி.

படங்களை முப்பரிமாணமாக்கும் மெஷ்ரூம் இலவசம், ஆனால் ஆழப்படப் படிக்கு என்விடியா கார்டு கேட்கும். உங்கள் 6 கணினிகளில் மட்டும் நடக்கும். வெளிவருவது பல லட்சம் முக்கோணம். அதை அப்படியே யூனிட்டியில் போடுவதுதான் எல்லாரும் செய்வது. பிளெண்டரில் 15,000-க்குக் குறைத்து, யுவி விரித்து (டெக்ஸ்சர் ஒட்டப் பரப்பைத் தட்டையாக விரித்து), மூல வடிவத்தின் நுணுக்கத்தை நார்மல் மேப்பாகச் சுட்டெடுக்கவேண்டும். குறைத்த மெஷ்ஷையும் மூலத்தையும் ஹெட்செட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வித்தியாசம் தெரியாது, ஃபிரேமில் மட்டும் தெரியும்.

ஆதிச்சநல்லூர் எடுக்கும் குழுவுக்கு ஒரு வார்த்தை. அங்குள்ள தாழிகள் இறந்தோரைப் புதைத்தவை. தாழியைத் தூக்கி எறியும், உடைக்கும் ஊடாட்டம் எதற்கும் இடம் தரவேண்டாம். மூடியைத் திறந்து பார்ப்பது, உள்ளிருக்கும் சிறு கலயத்தை எடுத்துத் திருப்பிப் பார்ப்பது போதும்.

பனங்காடு:

குறுக்குத்துறை பற்றி யாரும் பேசவில்லை. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில், வெள்ளத்தில் மூழ்குவது. 2023 டிசம்பர் வெள்ளத்தை எல்லாரும் பார்த்தோம். நீர்மட்டம் ஏறி இறங்குவதைக் காட்ட எந்தக் குழுவும் ஆசைப்படும். அதில் தலைசுற்றலுக்கான எல்லாக் காரணமும் இருக்கிறது.

காலடியில் அகலமான பரப்பு நகர்ந்தால், தான் நகர்வதாக மூளை எடுத்துக்கொள்ளும். உள்காது இல்லை என்று சொல்லும். அந்த முரண்தான் குமட்டல். எனவே பார்ப்பவரைத் தண்ணீருக்குள் நிறுத்தாதீர்கள். அசையாத படித்துறை மேல் நிறுத்துங்கள், இரு பக்கமும் கல் தூணோ சுவரோ ஓரப்பார்வையில் நிலையாகத் தெரியட்டும். நீர்மட்டத்தை அவர் கையில் உள்ள நெம்புகோலாலேயே ஏற்றச் செய்யுங்கள். தானே செய்யும் மாற்றம் குறைவாகத் தொந்தரவு தரும். நீர் கண் மட்டத்தைக் கடக்கவே கூடாது. மூழ்குவதைக் காட்டவேண்டுமென்றால் காட்சியை இருட்டாக்கி, அடுத்த நாள் சேறு படிந்த படித்துறைக்கு மாற்றுங்கள். வீடிழந்தவர்களும் அதை மாட்டிப் பார்க்கக்கூடும் என்பதையும் குழுவிடம் பேசுங்கள்.

நகர்தலுக்கு டெலிபோர்ட் (சுட்டிய இடத்துக்குத் தாவுவது) முன்தேர்வாக இருக்கட்டும், திரும்புதல் 45 பாகைத் தாவலாக. குச்சியைத் தள்ளித் தொடர்ந்து நகர்வதை விரும்பினால் விளிம்பை இருட்டும் விக்னெட்டோடு, விருப்பத் தேர்வாக மட்டும். படித்துறையில் ஒவ்வொரு படியிலும் டெலிபோர்ட் விழ அனுமதித்தால் பாதிக்கால் கல்லுக்குள் போய் நிற்கும். அகலமான படிகளில் மட்டும் நங்கூரப் புள்ளி வையுங்கள். கேமராவை ஸ்கிரிப்ட் ஆட்டவே கூடாது, நிலநடுக்கம் காட்டுவதற்கும்கூட.

ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் 1993-ல் வெளிவந்த சிமுலேட்டர் நோய் வினாப்பட்டியலை நிரப்பச் சொல்லுங்கள். 16 அறிகுறி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. முன்னதாக எடுக்காவிட்டால் பயனில்லை, சாப்பிடாமல் வந்தவருக்கும் தலை சுற்றும். ஓர் ஆள் ஒருமுறை 15 நிமிடம். 'கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு' என்று சொன்ன உடனே கழற்றவேண்டும், பழகிவிடும் என்று தள்ளக்கூடாது. தலைசுற்றல் தீரும்வரை பைக் சாவியை எடுக்கவிடாதீர்கள். வலிப்பு வரலாறு உள்ளவர்கள் மாட்டவேண்டாம். அவர்களுக்கு மதிப்பெண் குறையாதபடி மாடலிங், ஒலி, அளவீட்டுப் பொறுப்பு இருக்கட்டும்.

மேலப்பாளையம்_மெஷ்:

பென்டிரைவில் திட்டத்தைச் சுமந்து திரிவதை முதல் வாரமே நிறுத்துங்கள். பதிப்புகளைக் காக்கும் கிட், பெரிய கோப்புக்கு அதன் எல்எஃப்எஸ் இணைப்பு போடுங்கள். யூனிட்டியில் லைப்ரரி கோப்புறை களஞ்சியத்துக்குள் போகக்கூடாது, மெட்டா கோப்புகள் கட்டாயம் போகவேண்டும். மெட்டாவை விட்டுவிட்டால் அடுத்த கணினியில் திறக்கும்போது பொருள்களுக்கு இடையிலான இணைப்பு எல்லாம் அறுந்து இளஞ்சிவப்பாக நிற்கும். எல்எஃப்எஸ் அமைப்பை முதல் கமிட்டுக்கு முன்பே செய்யவேண்டும், பிறகு செய்தால் பழைய பெருங்கோப்பு வரலாற்றிலேயே தங்கிவிடும்.

மூன்று பேரும் ஒரே சீனை (யூனிட்டியின் காட்சிக் கோப்பை) திருத்தினால் இணைக்கவே முடியாது. கட்டடம், ஊடாட்டம், ஒலி-எழுத்து என்று மூன்று சீனாகப் பிரித்து, ஓடும்போது ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுங்கள். ஆளுக்கு ஒரு சீன். யார் என்ன செய்தார் என்பதும் கமிட் வரலாற்றில் தெரியும்.

பொருநைக்கரை:

யூனிட்டி என்று முடிவெடுக்கிறேன், 1-ம் வாரம் மட்டும் வெப்எக்ஸ்ஆர். எழுத்துக்கு இங்க்ஸ்கேப் வழி. கடைசியாக, மதிப்பீடும் வெளித்தேர்வாளரும். வருபவர் ஹெட்செட் மாட்டிப் பழகியவராக இருப்பார் என்று சொல்ல முடியாது.

கல்தூண்:

நூறுக்கு: வாராந்திர பில்டுகள் 20, ஹெட்செட்டில் 20 நிமிடம் நிலையான 72 ஃபிரேம் 20, புதியவர் ஐந்து பேரிடம் சோதித்து அதன்படி திருத்தியது 25, உலகத்தின் அளவுத் துல்லியமும் ஒளியும் ஒலியும் 20, குறிப்பேடு 15. 'அழகு' என்று தனித் தலைப்பு வைக்காதீர்கள். வைத்தால் கடையில் வாங்கிய மாடல்தான் ஜெயிக்கும். வாங்கிய பொருள் எது, சொந்தமாக வடித்தது எது என்று பட்டியல் கட்டாயம். ஐந்து பேர் சோதனையில் மாணவர் வாய் திறக்கக்கூடாது. 'அந்தப் பொத்தானை அமுக்குங்க' என்று சொல்லவேண்டி வந்தால் அது உலகத்தின் குறை, அதைத்தான் எழுதவேண்டும்.

தேர்வு நாளுக்கு: எல்லா ஏபிகே-யும் முந்தைய நாளே எல்லா ஹெட்செட்டிலும் ஏறியிருக்கட்டும், தானியங்கி மேம்படுத்தல் அணைந்திருக்கட்டும். தேர்வாளரை முதலில் அந்த 1-ம் வாரக் கதவும் கனசதுரமும் உள்ள காலி உலகில் சக்கரமில்லாத நாற்காலியில் உட்கார்த்தி, கண் இடைவெளியையும் வாரையும் சரிசெய்து, டெலிபோர்ட்டைப் பழக்குங்கள். 12 குழு, குழுவுக்கு ஐந்து நிமிடம் என்றால் அவர் தலையில் ஒரு மணி நேரம் ஏறும். அது அதிகம். மூன்று குழுவுக்கு ஒருமுறை இடைவேளை, அந்த நேரத்தில் வாய்மொழித் தேர்வு.

அவர் பார்ப்பதைப் பெரிய திரையில் காட்ட காஸ்டிங் போடுவீர்கள். காஸ்டிங் ஓடும்போது ஃபிரேம் குறையும். எனவே ஃபிரேம் மதிப்பெண்ணுக்கான அளவீட்டைக் காஸ்டிங் இல்லாமல் தனியாக எடுத்து, ஓவிஆர் மெட்ரிக்ஸ் பதிவைக் குறிப்பேட்டில் இணைத்துவிடுங்கள்.

ஸ்பேனர்_நெல்லை:

கன்ட்ரோலருக்கு டபுள் ஏ பேட்டரி அண்ணாச்சி, ஹெட்செட்டுக்கு ரெண்டு. ஆறு செட்டுக்கு 12, கையிருப்பா இன்னொரு 12 ரீசார்ஜபிள் வாங்கி சார்ஜ் ஏத்தி வச்சிருங்க. தேர்வு நடுவுல கை காணாமப் போறது முக்கால்வாசி அதனாலதான்.